மூன்று முட்டை எடையுள்ள மக்காவ்

நேயர்களுக்கு வணக்கம். பஞ்சவர்ணக்கிளி என்றதும் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக, நீண்ட வால் தொங்க உட்கார்ந்திருக்கும் பெரிய பறவைதான் உங்கள் நினைவுக்கு வரும். அதைத்தான் ஆங்கிலத்தில் மக்காவ் என்கிறார்கள். நான் பேசப்போவது மக்காவ் இனங்களிலேயே மிகச் சிறியதைப் பற்றி. ஹான்ஸ் மக்காவ் என்பார்கள். வாலோடு சேர்த்தே பள்ளிக்கூட ஸ்கேல் நீளம்தான், 30 சென்டிமீட்டர். எடை சுமார் 165 கிராம், அதாவது மூன்று கோழிமுட்டை. உடம்பெல்லாம் பச்சை, நெற்றியில் கொஞ்சம் நீலம். இறக்கையை விரித்தால்தான் தோள்பட்டைச் சிவப்பு தெரியும். கயானா, வெனிசுலா, பிரேசில் பக்கம் பனைமரங்கள் நிற்கும் புல்வெளிகள் இதன் சொந்த ஊர்.

சின்னதாக இருக்கிறதே, வேலையும் குறைவுதான் என்று நினைத்து வாங்குகிறார்கள். அது சரியில்லை. உருவம்தான் சின்னது. குரலும் பிடிவாதமும் நம்மிடம் கேட்கும் நேரமும் மக்காவுக்கு உரியவை.

எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது. ஆணா பெண்ணா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டிஎன்ஏ சோதனைதான் செய்ய வேண்டும். அதனால் இருபாலுக்கும் பொருந்தும்படி முத்து என்று பெயர் வைத்தோம். வந்த இரண்டாம் வருடம், துணி காயப்போட மாடிக்கதவைத் திறந்தபோது குக்கர் விசில் அடித்தது. மிரண்டு பறந்த முத்து, பக்கத்து வீட்டு வேப்பமர உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டது. காலை பதினொரு மணி இருக்கும்.

மரத்தடியில் நின்று கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் பதில் குரல் கொடுத்தது, ஆனால் வரவில்லை. வர விருப்பமில்லை என்றே நினைத்தேன். காரணம் அதுவல்ல. வீட்டுக்குள்ளேயே வளர்ந்த கிளிக்கு மேலே பறக்க எளிதில் வந்துவிடும். உயரத்திலிருந்து இறங்குவது தனிப் பழக்கம். காட்டில் என்றால் தாய் தகப்பனோடு பறந்து பறந்து கற்றுக்கொள்ளும். இதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? இதற்குள் காக்கைகள் வேறு சூழ்ந்துகொண்டன. மூன்று மணிக்கு என் குரல் கம்மிப்போயிற்று. அப்போது அம்மா சொன்னார்: "கீழே நின்னு கூப்பிட்டா அது எப்படிப்பா வரும்? அதோட கண்ணுக்கு நேரா போய் நில்லு."

எதிர்வீட்டு இரண்டாம் மாடிக்கு ஓடினேன். கையில் ஒரு நிலக்கடலை. முத்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒரே வீச்சில் பறந்து வந்து என் தோளில் இறங்கியது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. எனக்கும்தான்.

மறுநாளிலிருந்து தினமும் திரைச்சீலைக் கம்பியில் உட்காரவைத்து, கீழே இருந்து கூப்பிட்டு, இறங்கி வந்தால் ஒரு கடலை. ஜன்னல், கதவெல்லாம் சாத்திவிட்டுத்தான். இறக்கையை வெட்டிவிடுங்கள் என்று பலர் சொன்னார்கள். நான் வெட்டவில்லை. பறப்பதுதான் அதன் உடற்பயிற்சி. நீங்களும் வெட்டாதீர்கள், இறங்கக் கற்றுக்கொடுங்கள். திரும்பவும் சொல்கிறேன், இறங்கக் கற்றுக்கொடுங்கள்.

அப்புறம், நேரம். காடுகளில் இவை கூட்டமாக வாழ்பவை. வீட்டில் நாம்தான் கூட்டம். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீடாக இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். தனிமை தாங்காமல் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் கிளியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது வருடமும் வாழும். கல்யாணம், வேலை, ஊர் மாற்றம் எல்லாவற்றையும் சேர்த்து யோசியுங்கள்.

நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். உணவைப் பற்றி நிறையக் குறித்து வைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள், ஈரலில் கொழுப்பு சேரும். கேரட், கீரை, பழம் பழக்குங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை நிமிடங்களில் கிளியின் உயிரை எடுத்துவிடும். எங்கள் வீட்டில் இரும்பு தோசைக்கல்தான். இன்னொன்று: நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மக்காவ் வளர்க்கலாம், ஆனால் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். வாங்கும்போதே ரசீதையும் ஆவணங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.