அதே பாவத்துல திரும்பத் திரும்ப விழுறீங்களா? தாவீது மொட்டைமாடியில விழலை!

"ஆண்டவரே, இனிமே சத்தியமா செய்ய மாட்டேன்"னு அழுது ஜெபிச்சுட்டு, அடுத்த வாரமே அதே பாவத்துல விழுறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. உங்க கண்ணீர் பொய் இல்லை. நீங்க உஷாராகுற நேரம்தான் தப்பு.

பின்னணியைச் சட்டுன்னு முடிச்சிடலாம். யாக்கோபு 1:14, 15. இச்சை இழுக்குது, சிக்க வைக்குது, கர்ப்பந்தரிக்குது, அப்புறம்தான் பாவம் பிறக்குது. நாம என்னடான்னா நேரா பிரசவ வார்டுல போய் நின்னு போராடுறோம்!

இப்ப 2 சாமுவேல் 11-ஐ எடுங்க. வீடியோவை நிறுத்திட்டுகூட எடுங்க, நான் காத்திருக்கேன்.

தாவீது ராஜா எங்கே சறுக்கினார்? மொட்டைமாடியிலன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. முதல் வசனத்தைப் படிங்க. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படுற காலம். தளபதி யோவாபும் சேனையும் அம்மோனியரோட ரப்பா பட்டணத்தை முற்றுகை போட்டிருக்காங்க. "தாவீதோ எருசலேமில் இருந்துவிட்டான்." இதைப் பாவம்னு யாராவது சொல்வாங்களா? லீவு போட்டாரு, அவ்வளவுதான். 2-ம் வசனத்துல படுக்கையை விட்டு எழுந்திருக்கிறார். எப்ப? சாயங்காலத்துல! வேலையில்லாத மனசு, மாடியில உலாத்தல், கண்ணுல ஒரு காட்சி: குளிச்சுட்டிருக்கிற பத்சேபாள். கண்ணுல பட்டது அவர் கையில இல்லை. ஆனா அங்கேயே கீழே இறங்கியிருக்கலாம். இறங்கலை, அவ யாருன்னு ஆள் விட்டு விசாரிக்கிறார்.

எனக்கு அடிவயித்தைக் கலக்குற இடம் 3-ம் வசனம். வந்த பதில் வெறும் பேர் இல்லை: எலியாமின் மகள், உரியாவின் மனைவி. உரியா யாரு? 23-ம் அதிகாரத்துல தாவீதோட பராக்கிரமசாலிகள் 37 பேர் பட்டியல் இருக்கு. அதுல கடைசிப் பேர் அவர்தான். இதைவிடத் தெளிவா எச்சரிக்க முடியாது. ஆனா 4-ம் வசனத்துல அவளைக் கூட்டிட்டு வர மறுபடியும் ஆள் போகுது, அங்கேதான் விபசாரம் நடக்குது. யுத்தத்துக்குப் போயிருக்கலாம், பார்வையைத் திருப்பியிருக்கலாம், விசாரிக்காம இருந்திருக்கலாம், பதிலைக் கேட்டதும் நிறுத்தியிருக்கலாம். முதல் வாசல்ல வெளியேற பலம் தேவையில்லை. நாலாவதுல வெளியேற மலையளவு பலம் வேணும்.

அதனால 2 வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க. விழுந்ததை இல்லை, அதுக்கு 3 மணி நேரம் முன்னாடி நடந்ததை. தனியா இருந்தீங்களா, பசியா, தூக்கம் கெட்டுச்சா, யாராவது மட்டம்தட்டினாங்களா? ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வரும். அதுதான் உங்க முதல் வசனம். ஆபாசம்தான் பிரச்சினைன்னா போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஆகட்டும். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்க. பக்கத்துலயே வச்சுக்கிட்டு "பெலன் தாங்க ஆண்டவரே"ன்னு ஜெபிக்கிறது என்னைக் கேட்டா ஜெபமே இல்லை.

காலி பண்ணின நேரத்தைச் சும்மா விடாதீங்க. லூக்கா 11-ல, அசுத்த ஆவி விட்டுப்போன அப்புறம் பெருக்கி ஜோடிச்ச வீட்டுக்குத்தான் அந்த ஆவியோட இன்னும் ஏழு ஆவிகள் சேர்ந்து வந்துச்சு. வசனமும் குறிபார்த்து இருக்கணும். வனாந்தரத்துல இயேசு மூணு சோதனைக்கும் உபாகமத்திலிருந்து மூணு தனித்தனி பதில் சொன்னார். 4-ம் நூற்றாண்டுல எகிப்து வனாந்தரத்துல இருந்த துறவி எவாக்ரியுஸும், எந்த நினைவு வந்தா எந்த வசனத்தால பதில் சொல்லணும்னு பெரிய தொகுப்பே எழுதி வச்சார்.

அடுத்து, யாக்கோபு 5:16, குற்றங்களை ஒருத்தருக்கொருத்தர் அறிக்கை பண்ணச் சொல்ற வசனம். ஒரே ஒரு ஆள், ரகசியம் காக்கிறவர், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். இது எங்கே சொதப்பும் தெரியுமா? "எப்படி இருக்கீங்க பிரதர்?" "கிருபையால நல்லா இருக்கேன் பிரதர்." முடிஞ்சது கதை! கேள்வியை நீங்களே எழுதிக் கொடுங்க: "இந்த வாரம் ராத்திரி போன் எங்கே இருந்துச்சு?"

விழுந்துட்டா? "எப்படியும் கெட்டாச்சு"ங்கிற நினைப்புல வர்ற ரெண்டாவது விழுகைதான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமைவரை தள்ளிப்போடாம, அந்த நிமிஷமே 1 யோவான் 1:9-ஐப் பிடிச்சு அறிக்கை பண்ணுங்க, விளக்கைப் போடுங்க, அந்த அறையை விட்டு வெளியே வாங்க. குடி மாதிரி உடம்பையே பிடிச்சிருக்கிற அடிமைத்தனம்னா டாக்டரையும் பாருங்க. அது விசுவாசக் குறைச்சல் இல்லை.

கமெண்ட்ல உங்க பாவத்தை எழுதிடாதீங்க, புண்ணியமாப் போகும்! எந்தக் கிழமை, எத்தனை மணி, அதை மட்டும் போடுங்க.