விழாத் திடலில் ஒரு குழந்தையின் பெயர்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். மக்கள் தாமே கூடி நடத்தும் கலைவிழாக்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஏற்பாட்டு வேலைகளைப் பார்த்து வருகிறேன். வருவோரின் பாதுகாப்பு, எல்லோருக்கும் இடமளித்தல், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் விழா நடத்துதல் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்திருக்கிறார்கள். இம்மூன்றையும் தனித்தனிக் குழுக்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது வழக்கம். திடலின் வரைபடத்தைப் போடுகிற முதல் நாளிலேயே மூன்றையும் ஒரே வேலையாக எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து.

எல்லோரும் கேட்டுப் பழகிய ஓர் அறிவிப்பிலிருந்து தொடங்குகிறேன். பாட்டு சற்று நிற்கும். "ஐந்து வயதுப் பெண் குழந்தை, பெயர் இன்னது, மஞ்சள் சட்டை அணிந்திருக்கிறாள், மேடைக்கு இடப்புறம் எங்களிடம் இருக்கிறாள், பெற்றோர் உடனே வந்து அழைத்துச் செல்லவும்" என்று ஒலிபெருக்கியில் ஒருவர் அன்போடு அறிவிப்பார். பல ஆண்டுகள் அந்த அறிவிப்பைச் செய்தவன் நான்.

ஒரு விழாவில் அப்படி அறிவித்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, நடுத்தர வயதுள்ள ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். குழந்தையைப் பெயர் சொல்லிக் கனிவோடு அழைத்தார். தாம் பக்கத்து வீட்டுக்காரர் என்றும், தாய் நுழைவாயிலில் பதறிக்கொண்டு நிற்கிறார் என்றும், தாமே கொண்டுபோய் விட்டுவிடுவதாகவும் கூறினார். தன் பெயரைக் கேட்டதும் குழந்தை அழுகையை நிறுத்திக் கையை நீட்டிவிட்டாள். மேசையில் இருந்த இளம் தன்னார்வலர், எதற்கும் கேட்டு வைப்போம் என்று, "குழந்தையின் அம்மா பெயர் என்ன?" என்று கேட்டார். வந்தவர் சற்றுத் தயங்கினார். பிறகு தாயையே அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சிறிது நேரம் கழித்துத் தாய் வந்தார், நுழைவாயிலுக்கு நேர் எதிர்த் திசையிலிருந்து. அந்த மனிதர் திரும்பி வரவே இல்லை.

அவர் உண்மையிலேயே உதவ வந்தவராக இருந்திருக்கலாம். அதை நான் இன்றுவரை அறியேன். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்த பெயர், வயது, சட்டையின் நிறம், குழந்தை இருந்த இடம் ஆகிய நான்கையும் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது என் குரல்தான். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதன் பிறகு எங்கள் முறையை மாற்றிக்கொண்டோம். குழந்தையைத் தேடிக்கொண்டிருக்கும் பெற்றோர் தகவல் மேசைக்கு வரலாம் என்று மட்டுமே அறிவிப்போம். பெயரையும் அடையாளத்தையும் அவர்கள் எங்களிடம் சொல்ல வேண்டும். நாங்கள் அவர்களிடம் சொல்லமாட்டோம். சொன்னது பொருந்துகிறதா, கைபேசியில் குழந்தையின் படம் இருக்கிறதா, குழந்தை அவர்களைக் கண்டதும் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து, நேரத்தைக் குறித்துக் கையொப்பம் வாங்கிய பின்பே ஒப்படைப்போம். அதுவரை குழந்தையோடு எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்பார்கள். ஒருவர் மட்டும் தனியே இருக்க விடுவதில்லை. நுழைவாயிலில் குழந்தைகளுக்குக் கட்டும் கைப்பட்டையிலும் பெற்றோரின் தொலைபேசி எண்ணைத்தான் எழுதுகிறோம், அதையும் உட்புறத்தில். முன்பின் தெரியாதவரோடு போகாதே என்று குழந்தைக்குச் சொல்லி வைத்திருப்போம். ஆனால் தன் பெயரைச் சொல்லி அழைப்பவரைக் குழந்தை தெரிந்தவர் என்றே நினைத்துக்கொள்ளும். ஆகவே பெயரை ஒலிபெருக்கியில் சொல்லாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்படிக் கேட்டுவிட்டு, குழந்தைகளை வீட்டிலேயே வைத்திருப்பது நல்லது என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, வன்முறையிலிருந்தும் துன்புறுத்தலிலிருந்தும் குழந்தையைக் காக்க வேண்டும் என்கிறது. அதே உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, விளையாடவும் கலைகளில் தாராளமாகப் பங்கேற்கவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்க இயலாது. மேடையேறும் சிறுவர் சிறுமியருக்கு உடைமாற்றத் தனி இடம், படம் எடுக்கப் பெற்றோரின் முன் அனுமதி, மனக்குறை எதுவானாலும் அச்சமின்றிச் சொல்லப் பெயர் தெரிந்த ஒருவர் ஆகியவையெல்லாம் அவர்கள் ஆடிப் பாடுவதற்கான ஏற்பாடுகளே.

எல்லோருக்கும் இடமளிப்பதைப் பற்றி ஒரு சிறு கணக்கோடு சொல்கிறேன். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்தில் ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. மேடையின் உயரம் 60 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் 7 மீட்டரைத் தாண்டும். விழாவுக்கு முதல் நாள் மாலையில் ஒருவர் நினைவுபடுத்தினால் 7 மீட்டருக்கு எங்கே போவது? அவசரத்தில் இரண்டு பலகைகளைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்து, நான்கு பேர் நாற்காலியோடு ஆளைத் தூக்குவார்கள். ஒரு கலைஞர் மேடைக்கு அப்படி வந்து சேர்வதை நான் பார்த்திருக்கிறேன். கைதட்டல் அடங்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை. பார்வையாளர் பகுதியில் மட்டும் சாய்தளம் அமைத்துவிட்டு மேடைக்குப் படிகளை வைக்கிறவர்கள், மாற்றுத்திறனாளி என்பவர் பார்க்க வருகிறவர் மட்டுமே என்று தம்மை அறியாமலே எண்ணிவிடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 2006இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவோ, அவர்கள் தம் படைப்புத் திறனை வளர்த்துப் பயன்படுத்தவும் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது.

ஒலியையும் இதே இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். நிகழ்ச்சி அரங்குகளில் ஒலி அளவு 15 நிமிடச் சராசரியாக 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிவிடும் என்பதால், இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள் என்று கேட்கும்போது நாம் கேட்பது கொஞ்சம் அன்று. பேரொலியையும் மின்னிமின்னி அடிக்கும் விளக்குகளையும் தாங்க முடியாதவர்களுக்காகத் திடலின் ஓரத்தில் ஓர் அமைதிக் கூடாரம் போடுகிறோம். காணாமல் போன குழந்தையைக் கூட்டத்தின் கண்ணில் படாமல் உட்கார வைக்கவும் அந்தக் கூடாரமே உதவுகிறது. சக்கர நாற்காலிக்காக மேடுபள்ளமின்றி விளக்கு வைத்து அமைத்த பாதையில், பெண்களும் சிறுமியரும் கழிப்பறைக்கு அச்சமின்றிச் சென்று வருகிறார்கள். ஒரே வேலை என்று தொடக்கத்தில் நான் சொன்னது இதைத்தான்.

கண்ணாடிக்கு அப்பால் நிலைய நண்பர் இரண்டு விரல்களைக் காட்டுகிறார். சுற்றுச்சூழலுக்கு இரண்டு நிமிடம்தான் எஞ்சியிருக்கிறது. தேவைக்கு மேல் பெரிய ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துக் குறைந்த சுமையில் இரவெல்லாம் ஓட்டினால், கிடைக்கும் மின்சாரத்துக்குச் செலவாகும் டீசல் மிக அதிகம். ஆகவே முதலில் விளக்குகளையும் ஒலிக்கருவிகளையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். பதாகையில் ஆண்டை அச்சிடாமல் விட்டால் அடுத்த விழாவுக்கும் அது பயன்படும். கழுவித் திரும்பப் பயன்படுத்தும் குவளைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்தேன், அதை விட்டுவிடுகிறேன்.

விடக் கூடாதது ஒன்று உண்டு. பல விழாக்களில் கரிம வெளியேற்றத்தின் பெரும்பங்கு மேடையிலிருந்து வருவதில்லை. பார்வையாளர்கள் வந்துபோகும் வாகனங்களிலிருந்தே வருகிறது. எனவே நிகழ்ச்சி நிரலை எழுதும்போது கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு அரை மணி முன்னதாக விழா முடியும்படி கீழிருந்து மேலாக எழுதிச் செல்லுங்கள். சொந்த வாகனம் இல்லாதவர் வருவார், தனியாக வந்த பெண் கூட்டத்தோடு கூட்டமாக வீடு திரும்புவார், புகையும் குறையும். நாங்கள் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம். வணக்கம்.