கையெழுத்துப் போடாத டாக்டர்

நேயர்களுக்கு வணக்கம். செப்டம்பர் 15 அன்று ஐந்து நாடுகள் சுதந்திர தினம் கொண்டாடுகின்றன. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகரகுவா, கோஸ்டா ரிக்கா. ஐந்துக்கும் ஒரே தேதி, ஏனென்றால் 1821-இல் இவை எல்லாமே குவாத்தமாலா நகரத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஸ்பானிய அதிகாரியின் கீழ் இருந்தன. அன்று எழுதப்பட்ட சுதந்திரப் பிரகடனத்தின் அடியில் மொலினா என்று ஒரு கையெழுத்து இருக்கும். அது மனுவேல் அந்தோனியோ மொலினா, வேறு ஆள். நான் பேச வந்திருப்பது பேத்ரோ மொலினா என்ற மருத்துவரைப் பற்றி. இவருடைய கையெழுத்து அந்தக் காகிதத்தில் இல்லை, முடிவெடுத்தவர்களின் வரிசையில் இவருக்கு இடமும் கிடையாது. ஆனாலும் அந்த முடிவு அன்றைக்கே எடுக்கப்பட்டதற்கு இவரும் இவருடைய மனைவியும் பெரிய காரணம் என்பதுதான் என் எண்ணம், அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மொலினா பிறந்தது 1777-இல். அப்போது குவாத்தமாலா நகரத்துக்கே வயது ஒன்று. பழைய தலைநகரம் 1773 நிலநடுக்கத்தில் இடிந்துபோனதால் 1776-இல் புது இடத்தில் ஊரைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். மொலினா முறையான திருமணத்தில் பிறந்த பிள்ளை இல்லை. அந்தச் சமூகத்தில் இது சாதாரண விஷயம் அல்ல, பிறப்பு எப்படி, ரத்தம் எப்படி என்று பார்த்துத்தான் பதவியும் மரியாதையும் கொடுப்பார்கள். பெரிய குடும்பங்களின் ஆதரவு இல்லாமல் மருத்துவம் படித்து, நிகரகுவாவின் கிரனாடா ஊரில் ராணுவப் படைப்பிரிவு ஒன்றுக்கு அறுவை மருத்துவராகச் சில காலம் இருந்து, அப்புறம் தலைநகரத்துக்குத் திரும்பி சான் கார்லோஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர் ஆனார். பின்னாளில் தலைமை மருத்துவர் பதவியும் வந்தது. யாருக்கு வைத்தியம் பார்க்கத் தகுதி இருக்கிறது என்று சோதித்து அனுமதி கொடுக்கிற அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு.

இதோடு நின்றிருந்தால் நல்ல டாக்டர், நல்ல வாத்தியார் என்ற பெயரோடு போயிருப்பார். 1820-இல் ஸ்பெயினில் படைகள் கிளர்ந்து மன்னரைப் பழைய காதிஸ் அரசியல் சட்டத்தை மறுபடி ஏற்க வைத்தன, அந்தச் சட்டத்தில் பத்திரிகைச் சுதந்திரம் இருந்தது. மொலினா காத்திருக்கவில்லை. அதே வருடம் ஜூலை 24 அன்று 'எல் எடிட்டோர் கான்ஸ்டிட்யூசியோனல்' என்ற பத்திரிகையைக் கொண்டுவந்துவிட்டார். உரிமை என்றால் என்ன, அதிகாரிக்கு எதுவரை அதிகாரம், அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவன் ஏன் ஸ்பெயினில் பிறந்தவனுக்குக் கீழே நிற்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். மூன்று மாதம் கழித்து ஹோசே செசிலியோ தெல் வாயே என்ற வழக்கறிஞர், அவரும் பெரிய படிப்பாளி, போட்டிக்கு 'எல் அமிகோ தே லா பாத்ரியா' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். நிதானமாகப் போகலாம், முதலில் கல்வி வளரட்டும் என்பது அவர் கட்சி. ஊர் இரண்டாகப் பிரிந்தது. மொலினா பக்கத்தவர்களைத் திருடர்கள் என்று எதிர்த்தரப்பு அழைக்க, இவர்கள் அவர்களைக் குடிகாரர்கள் என்று அழைக்க, அந்த வசவுகளே கட்சிப் பெயர்களாகவும் நிலைத்துவிட்டன.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மொலினாவுக்குத் துணை நின்றது யார் என்று பார்த்தால், ஊரிலேயே பெரிய வணிகக் குடும்பமான அய்சினேனா குடும்பம். அவர்களுக்கு வேண்டியது கட்டுப்பாடற்ற வெளிநாட்டு வியாபாரம். வாயே பக்கம் நின்றவர்களிலோ, பெலிஸ் வழியாகக் கள்ளத்தனமாக வந்து குவிந்த ஆங்கிலேயத் துணியால் பிழைப்பு போய்க்கொண்டிருந்த உள்ளூர் நெசவாளர்களும் கைவினைஞர்களும் நிறையப் பேர். ஆக, சாதாரண ஜனங்களின் உரிமைக்காக எழுதிய டாக்டர் பணக்காரர்களோடு கூட்டு, நிதானம் பேசிய வழக்கறிஞர் ஏழைத் தொழிலாளிகளோடு கூட்டு. இதைப் படிக்கும்போது எனக்கு மொலினா மேல் வருத்தம் வந்தது. இந்தக் கூட்டுக்கான விலையை அவர் பிறகு கொடுத்தார், அதற்கு வருகிறேன்.

1821 ஆகஸ்ட் கடைசியில், குவாத்தமாலாவின் ஆட்சிக்குள் இருந்த சியாபாஸ் பகுதியின் கொமித்தான் என்ற ஊர் ஸ்பெயினை விட்டு விலகி, அப்போது தானும் ஸ்பெயினிடமிருந்து பிரிந்துகொண்டிருந்த மெக்சிகோவோடு சேர்ந்துவிட்டதாக அறிவித்தது. சில நாளில் சியாபாஸ் முழுதும் அதே வழியில் போக, செய்தி செப்டம்பர் நடுவில் தலைநகரத்துக்கு வந்து சேர்ந்தது. ஸ்பெயினின் பொறுப்பில் அப்போது அங்கே இருந்தவர் கபினோ கயின்சா, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறது என்று பார்க்கிற மனிதர். 15-ஆம் தேதி காலை அரண்மனையில் கூட்டம் கூட்டினார். ஆர்ச்பிஷப், நீதிபதிகள், ராணுவ அதிகாரிகள், நகரசபைக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். ஆர்ச்பிஷப் கசாவுஸ் எதிர்த்தார், இன்னும் சிலர் மெக்சிகோவில் என்ன ஆகிறதென்று பார்த்துச் செய்யலாம் என்றார்கள். ஒத்திப்போட்டுவிட்டு எழுந்துபோக எல்லா வாய்ப்பும் இருந்தது.

இந்த இடத்தில்தான் டாக்டரின் மனைவி மரியா தொலோரெஸ் பெதோயா வருகிறார். ஆரம்பத்தில் வெளியே கூட்டம் அவ்வளவாக இல்லை. தொலோரெஸும் பாசிலியோ போர்ராஸ் என்ற நண்பரும் வாத்தியக்காரர்களைக் கூட்டிவந்து வாசிக்க வைத்தார்கள், வெடி கொளுத்திப் போட்டார்கள். சத்தம் கேட்ட ஊர் ஜனம் சுதந்திரம் வந்துவிட்டது போலிருக்கிறதே என்று வீட்டை விட்டு ஓடிவந்தது. கொஞ்ச நேரத்தில் அரண்மனை முற்றம், தாழ்வாரம், கூட்ட அறைக்கு முன்னறை எல்லாம் நிரம்பிவிட்டன. உள்ளே ஒருவர் சுதந்திரத்துக்கு ஆதரவாகப் பேசினால் வெளியே ஆரவாரம், எதிராகப் பேசினால் முணுமுணுப்பு. மொலினாவும் அவருடைய தோழர் பார்ருந்தியாவும் இருந்தது அந்த ஜனத்தோடுதான். 1813-இல் ஒரு சதி வழக்கில் சிக்கி வருடக்கணக்காகத் தலைமறைவாக இருந்தவர் பார்ருந்தியா.

பிரகடனத்தை எழுதியவர் அதே வாயே. முதல் பிரிவை எடுத்துப் பாருங்கள். சுதந்திரமே மக்களின் பொது விருப்பம் என்று சொல்லிவிட்டு, மக்களே நேரடியாக அதை அறிவித்துவிட்டால் அதன் விளைவுகள் அஞ்சத்தக்கவையாக இருக்கும், அவற்றைத் தடுக்கவே அரசியல் தலைவர், அதாவது கயின்சா, இதை வெளியிடட்டும் என்கிறது. ஒரு நாட்டின் பிறப்புச் சான்றிதழிலேயே இதைவிடப் பட்டவர்த்தனமாக எழுத முடியுமா? உள்ளே இருந்தவர்கள் பயந்தது வாசலில் நின்ற ஜனத்தைப் பார்த்து. அந்த ஜனத்தை வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரு வருடமாக வந்த பத்திரிகையும் அன்று காலை வெடித்த வெடியும். நான் முதலில் சொன்ன கருத்துக்கு இந்த வரி ஒன்றே எனக்குப் போதும்.

சுதந்திரச் செய்தி மற்ற மாகாணங்களுக்குப் போய்ச் சேர்ந்த விதமும் ஒரே மாதிரி இல்லை. நிகரகுவாவின் லெயோன் நகரம் செப்டம்பர் 28 அன்று, இன்றைய மேகங்கள் விலகும் வரை ஸ்பெயினிடமிருந்து விலகியிருக்கிறோம் என்று பட்டும் படாமலும் பதில் எழுதியது. கோஸ்டா ரிக்காவின் கர்த்தாகோவுக்குக் கடிதம் எட்டவே அக்டோபர் 13 ஆகிவிட்டது.

அய்சினேனா கூட்டுக்கான விலை என்று சொன்னேன் அல்லவா. சுதந்திரம் வந்த சில வாரங்களிலேயே பணக்காரக் குடும்பங்கள் பின்னால் மெக்சிகோவின் பேரரசராக முடிசூடிய இத்துர்பிதே பக்கம் சாய்ந்தன. ஸ்பெயின் போனால் என்ன, இன்னொரு பேரரசின் நிழல் இருந்தால் சொத்துக்குப் பாதுகாப்பு என்பது அவர்கள் கணக்கு. மொலினாவும் நண்பர்களும் தெருவில் எதிர்த்தார்கள். நவம்பர் 30 இரவு நகர ரோந்துப் படை சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் ரெமிகியோ மய்தா, இன்னொருவர் மரியானோ பெதோயா, தொலோரெஸின் சொந்தச் சகோதரர். வெடி கொளுத்திச் சுதந்திரத்தை வரவேற்ற அந்தக் குடும்பம் மூன்று மாதத்துக்குள் சாவு வீடாகிவிட்டது. 1822 ஜனவரி 5 அன்று நாடு மெக்சிகோவோடு இணைக்கப்பட்டது.

இத்துர்பிதேயின் முடியாட்சி வெகுநாள் நிற்கவில்லை, 1823 மார்ச்சில் அவர் முடி துறந்தார். மத்திய அமெரிக்காவின் பிரதிநிதிகள் கூடிய சபை ஜூலை 1 அன்று ஒரு தீர்மானம் போட்டது. இந்த மாகாணங்கள் ஸ்பெயினிடமிருந்தும் மெக்சிகோவிடமிருந்தும், பழைய உலகமானாலும் புதிய உலகமானாலும் வேறெந்த வல்லரசிடமிருந்தும் விடுதலை பெற்றவை, எந்த ஒரு மனிதருக்கோ குடும்பத்துக்கோ சொத்தாக இவை இல்லை, இருக்கவும் கூடாது என்றது அது. என்னைக் கேட்டால் உண்மையான சுதந்திர நாள் இதுதான். முதல் காகிதம் பயத்தில் எழுதியது, இது தெரிந்து எழுதியது. அந்தச் சபையில் மொலினா இருந்தார். பத்து நாளுக்குள் நாட்டை நடத்த மூவர் குழு அமைத்தபோது அந்த மூவரில் ஒருவராகவும் ஆனார். முறையான திருமணத்தில் பிறக்காத பிள்ளை, ஐந்து மாகாணங்களுக்கும் தலைமையில்.

ஆட்சி என்னவோ அவருக்குக் கைவரவில்லை. செப்டம்பரில் ராணுவ அதிகாரி ஒருவர் தலைநகரத்திலேயே கலகம் செய்ய, அந்தக் குழப்பத்தில் அக்டோபர் தொடக்கத்தில் மூவரும் விலக வேண்டியதாயிற்று. தூதராக அவர் செய்த வேலை இதைவிட உறுதியானது. 1825 மார்ச்சில் போகோத்தாவில் கொலம்பியாவோடு ஒப்பந்தம் போட்டார், அடுத்த வருடம் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவார் அழைப்பில் பனாமாவில் நடந்த மாநாட்டுக்கு மத்திய அமெரிக்காவின் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவராகப் போனார். ஐந்து மாகாணங்களும் அதற்குள் மாநிலங்களாகி ஒரே கூட்டாட்சியாகச் சேர்ந்திருந்தன, அதில் 1829 ஆகஸ்டில் குவாத்தமாலா மாநிலத்தின் தலைவர் ஆனார். அப்போது அவர் சொன்ன யோசனை ஒன்று உண்டு. கூட்டாட்சிக்கென்று தனியாக ஒரு பெரிய அரசை வைத்துச் செலவழிக்க வேண்டாம், சுவிட்சர்லாந்து மாதிரி மாநிலங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொண்டு வெளியுறவுக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் சேர்ந்து நிற்கலாம் என்றார். கூட்டாட்சித் தலைவர்களுக்குக் கோபம் வந்தது. 1830 மார்ச்சில் குற்றம் சாட்டிப் பதவியிலிருந்து இறக்கினார்கள். விசாரணையில் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது, பதவி மட்டும் திரும்பி வரவில்லை. அந்த யோசனையை நிதானமாக யாராவது கேட்டிருந்தால் கூட்டாட்சி பிழைத்திருக்கும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டிருக்க வேண்டும். பத்து வருடத்துக்குள் கூட்டாட்சி உடைந்து ஐந்து நாடாகிவிட்டது.

தொலோரெஸ் 1853-இல் இறந்தார். மொலினா அடுத்த வருடம் செப்டம்பர் 21 அன்று குவாத்தமாலா நகரத்தில் இறந்தார், வயது 77. ஒரே மாதத்தில் அங்கே ரஃபாயேல் கர்ரேரா ஆயுட்கால ஜனாதிபதி ஆனார். இவர்களுடைய மகன்களில் ஒருவர் பெலிப்பே மொலினா. அவரும் பொதுவாழ்க்கைக்கு வந்தார், தனி நாடாகிப்போன கோஸ்டா ரிக்காவின் தூதராக லண்டனிலும் வாஷிங்டனிலும் இருந்தார். அங்கே அவருடைய முக்கிய வேலைகளில் ஒன்று, கோஸ்டா ரிக்காவுக்கும் நிகரகுவாவுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே போகிறது என்று வாதாடுவது. நன்றி, வணக்கம்.