ஐந்து விகலைப் பிழையும் இமயத்தின் வேரும்

அவையோருக்கு வணக்கம்.

நில அளவை என்றதும் நம் ஊரில் பட்டா, புல எண், எல்லைக்கல் தகராறு எல்லாம் நினைவுக்கு வரும். இன்று பேசப்போவது அதைவிடப் பெரிய அளவை. 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் தொடங்கி, கன்னியாகுமரியையும் இமயத்தின் அடிவாரத்தையும் முக்கோணங்களால் கோத்துக் கட்டிய பெரும் முக்கோண அளவை அது. சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்ட அந்த வேலையில் ஓரிடத்தில் 5.236 விகலை இடித்தது. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் விகலை. மலைகளுக்கு அடியில் வேர் உண்டு என்ற அறிவு அந்த ஐந்து விகலையிலிருந்து வந்தது. கோணம் பார்த்தவர், நட்சத்திரம் பார்த்தவர், கணக்குப் போட்டவர் என யாரும் தனியாக அதை எட்டியிருக்க முடியாது.

முதலில் அடிப்படை. ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கமும் மூன்று கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் சைன் விதி தந்துவிடும். கிடைத்த பக்கத்தின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் அடுத்தது. ஆகவே நீளத்தைத் தரையில் ஒரே ஒரு முறை அளந்தால் போதும். அந்தக் கோட்டுக்கு அடிக்கோடு என்று பெயர். அதில் லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால், அதன்மேல் கட்டிய எல்லாத் தூரங்களும் அதே விகிதத்தில் பிசகும்.

அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன் அந்த முதல் கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே போட்டார். நீளம் சுமார் 40,006 அடி, அதாவது ஏழரை மைல். கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. இரண்டரை அடிக் கண்ணிகள் 40. அதைத் தரையில் போட்டு இழுக்கவில்லை. மரப்பெட்டிகளை முக்காலிகளின்மேல் வரிசையாக வைத்து, திருகால் ஏற்றி இறக்கி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, அவற்றுக்குள் சங்கிலியைக் கிடத்தினார்கள். அந்தரத்தில் தொங்கவிட்டால் சங்கிலி தொய்யும். தொய்ந்தால் இரு முனைகளுக்கும் இடையிலான நேர்த்தூரம் நூறு அடிக்குக் குறையும். நாமோ அதை நூறு என்றே எழுதுவோம். இழுவிசை மாறாமலிருக்க முனையில் ஒரே எடை. சரிவு ஒரு பாகை இருந்தாலும் நூறு அடியில் நாலரை மில்லிமீட்டர் போய்விடும். அதனால் சரிவையும் அளந்து கிடைமட்டத்துக்கு மாற்றவேண்டும்.

ஆனால் உண்மையான எதிரி வெயில். எஃகு ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் பதினொன்றரைப் பங்கு நீளும். நூறு அடிக்கு அது 0.35 மில்லிமீட்டர்தான். இந்தக் கோட்டில் சங்கிலி நானூறு முறை விழுகிறது. ஆக, ஒரு பாகை வெப்பத்தைக் கவனிக்காமல் விட்டால் 14 சென்டிமீட்டர். பத்துப் பாகையென்றால் 1.4 மீட்டர். சித்திரை மாதச் சென்னையில் காலைக்கும் உச்சிக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்பது சாதாரணம். அதனால்தான் பெட்டிகளுக்குள் வெப்பமானிகள் இருந்தன. காற்றின் வெப்பம் வேறு, உலோகத்தின் வெப்பம் வேறு. நிழலில் கிடக்கும் சங்கிலியின் பக்கத்திலேயே வெப்பமானி இருக்கவேண்டும். இழுத்து இழுத்துக் கண்ணிகள் தேயும் என்பதால், இன்னொரு சங்கிலியை வேலைக்கு எடுக்காமல் ஒப்பிடுவதற்கென்றே வைத்திருந்தார்கள். 1804இல் பெங்களூரு அருகே இன்னொரு கோட்டை நேரடியாக அளந்து, சென்னையிலிருந்து முக்கோணங்கள் வழியே வந்த கணக்கோடு ஒப்பிட்டார்கள். வித்தியாசம் நாலு அங்குலத்தைத் தாண்டவில்லை. ஏழு மைலுக்கு நாலு அங்குலம்!

அடுத்தது கோணம். எல்லா முக்கோணமும் ஒன்றல்ல. அறுபது பாகைக் கோணத்தில் ஒரு விகலை தவறினால் ஐம்பது கிலோமீட்டர்ப் பக்கத்தில் 14 சென்டிமீட்டர் பிசகும். அதே ஒரு விகலை பத்துப் பாகைக் கோணத்தில் தவறினால் ஏறக்குறைய 1.4 மீட்டர், பத்து மடங்கு. அதனால் சப்பை முக்கோணம் ஆகாது. ஒரு குன்றின் உச்சி எவ்வளவு வசதியாக இருந்தாலும், கோணம் கூர்மையாகிவிட்டால் அதை விட்டுவிட்டு வேறு உச்சியைத் தேடவேண்டும். நிலத்தோற்றத்தைப் படிக்கத் தெரியாதவரால் நல்ல முக்கோணம் போடமுடியாது. எங்கே மலை நிற்கிறது, எங்கே காடு மறைக்கிறது, பூமியின் வளைவு எவ்வளவு விழுங்குகிறது என்று முன்கூட்டியே தெரியவேண்டும். ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் வளைவு மட்டும் கிட்டத்தட்ட 196 மீட்டரை மறைக்கும். காற்றில் ஒளி வளைவதால் அதில் கொஞ்சம் மீளும். மேற்கே மலைகள் உதவின. காவிரிப் படுகை தட்டையானது, தென்னையும் பனையும் அடர்ந்தது. அங்கே கோயில் கோபுரங்கள்தான் குன்றுகள்.

கருவி, கோணம் அளக்கும் 36 அங்குல வட்டமுள்ள தியோடலைட், அரை டன் எடை. ஒரு விகலை என்பது அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரு மில்லிமீட்டரின் 450இல் ஒரு பங்கு. கண்ணால் வாசிக்க முடியாது. நுண்ணோக்கி வைத்துத்தான் வாசித்தார்கள். வட்டத்தில் கோடு கீறியதிலேயே பிழை இருக்கும் என்பதால், வட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்து ஒரே கோணத்தைப் பலமுறை பார்த்துச் சராசரி எடுக்கவேண்டும். 1808இல் தஞ்சாவூர்க் கோயில் கோபுரத்தின்மேல் இந்தக் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதியது, வட்டம் கோணிப்போயிற்று. மில்லிமீட்டரின் 450இல் ஒரு பங்கை நம்பி நிற்கும் வட்டம் அது! லாம்டன் அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, வாரக்கணக்கில் உட்கார்ந்து, பழைய வடிவத்துக்கு இழுத்துக் கொண்டுவந்தார்.

பூமி உருண்டை என்பதால் மூன்று கோணங்களின் கூட்டு 180 பாகையைவிடச் சற்றுக் கூடும். முக்கோணத்தின் பரப்பில் ஏறக்குறைய ஒவ்வொரு 197 சதுர கிலோமீட்டருக்கும் ஒரு விகலை மிகை. ஐம்பது கிலோமீட்டர்ச் சமபக்க முக்கோணத்துக்கு ஐந்தரை விகலை. இது பிழையல்ல, வடிவியல். லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக் கணிதர் காட்டிய வழி எளிது: மிகையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு கோணத்திலும் ஒரு பங்கைக் கழித்தால், தட்டை முக்கோணக் கணக்கையே போடலாம். மிகையைக் கழித்தபிறகும் மிஞ்சுவதுதான் பார்த்தவரின் பிழை. எது இயற்கை, எது நம் தவறு என்று பிரிக்கும் இந்தப் பழக்கம் பின்னால் வரும் கதைக்கு முக்கியம்.

இந்த வேலையின் பின்னால் கம்பெனி ஆட்சியின் தேவை இருந்தது. 1799இல் திப்பு வீழ்ந்தபின் பிடித்த நிலத்துக்குப் படம் வேண்டியிருந்தது. அரை டன் கருவியை மலைமேல் சுமந்த, கொடி பிடித்த, காய்ச்சலில் மாண்ட கலாசிகள் என்ற உதவியாட்களின் பெயர்கள் அறிக்கைகளில் இல்லை. கருவிகளைச் செப்பனிட்ட ஆற்காட்டு சையத் மீர் மொஹ்சின் ஹுசைன், 1831இல் கணக்கராகச் சேர்ந்து தலைமைக் கணக்கராக உயர்ந்த வங்காளத்து ராதாநாத் சிக்தார் போன்ற சிலருடைய பெயர்களே தங்கின. கூட்டு ஆய்வு என்று சொல்லும்போது இவர்களை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை.

இனி அந்த ஐந்து விகலை. லாம்டன் 1823இல் இறந்தார். ஜார்ஜ் எவரெஸ்ட் தொடர்ந்தார். இன்றைய மத்தியப் பிரதேசத்தின் கலியாண்பூருக்கும், அதற்கு வடக்கே சுமார் 600 கிலோமீட்டரில் உத்தரப் பிரதேசத்திலுள்ள கலியானாவுக்கும் இடையிலான அட்சரேகை வித்தியாசத்தை இரண்டு வழிகளில் கண்டார்கள். முக்கோணங்கள் வழியே 5 பாகை 23 கலை 42.294 விகலை (பாகையின் 60இல் ஒரு கூறு கலை). நட்சத்திரங்கள் வழியே அதே பாகை, அதே கலை, 37.058 விகலை. வித்தியாசம் 5.236, தரையில் சுமார் 160 மீட்டர். பெங்களூருவில் நாலு அங்குலம் காட்டிய முறைக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. எவரெஸ்ட் அதை அளவைப் பிழையாகக் கொண்டு பங்கிட்டுத் தீர்த்தார். ஆனால் எண்ணை மறைக்கவில்லை. 1847 அறிக்கையில் அது அச்சாகியிருந்தது. அந்த நேர்மையைத்தான் இந்த வரலாற்றின் உயிர்நாடியாக நான் கருதுகிறேன்.

கல்கத்தாவின் ஆர்ச்டீக்கன், அதாவது உயர்நிலைக் குருவான ஜான் பிராட் நல்ல கணிதர். அவர் கேட்ட கேள்வி: நட்சத்திரம் பார்ப்பவருக்கு நேர்மேல் எது என்று சொல்வது எது? கொத்தனார் கையிலுள்ளதைப் போன்ற தூக்குக்குண்டுதான். வடக்கே இமயம் நிற்கிறது. அதன் நிறை குண்டைத் தன் பக்கம் இழுக்கும். குண்டு வடக்கே சாய்ந்தால் உச்சிப்புள்ளி தெற்கே சாயும். அட்சரேகை குறைவாகத் தெரியும். மலைக்கு அருகிலுள்ள கலியானாவில் இழுப்பு அதிகம். ஆகவே நட்சத்திர எண் குறைவாக வந்தது சரியே. பிராட் மலைத்தொகுதியையும் திபெத் பீடபூமியையும் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இழுப்பையும் கூட்டினார். கலியானாவில் 27.853, கலியாண்பூரில் 11.968; வித்தியாசம் 15.885 விகலை. இருக்கவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் களத்தில் இருந்தது!

1855இலேயே, இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி (Airy) விடை சொன்னார். தண்ணீரில் மிதக்கும் கட்டைகளில் எது அதிகம் மேலே நிற்கிறதோ அதுவே கீழேயும் அதிகம் அமிழ்ந்திருக்கும். மலைக்குக் கீழே லேசான பாறை ஆழமாக இறங்கி, அங்கே இருக்கவேண்டிய கனமான பொருளைத் தள்ளிவிட்டது. மேலே கூடிய நிறை கீழே குறைந்தது. அதனால் இழுப்பும் குறைந்தது. பிராட் பின்னர் வேறு விளக்கம் தந்தார்: வேர் வேண்டாம், உயர்ந்த நிலத்தின் கீழே அடர்த்தி குறைவு என்றால் போதும். நிலநடுக்க அலைகள் இன்று காட்டுவது திபெத்தின் கீழே சுமார் 70 கிலோமீட்டர் தடித்த மேலோடு. சாதாரணக் கண்டப்பகுதியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. இமயத்தைப் பொறுத்தவரை ஏரியின் விளக்கமே நெருக்கமாக நிற்கிறது.

இது பழங்கதையல்ல. ட்ரோனும் ஜிபிஎஸ்-ஸும் வைத்து ஏரி, கால்வாய் அளப்பவர்கள் அன்றாடம் இதே சிக்கலில் மாட்டுகிறார்கள். சென்னைக் கடற்கரையில் கருவியின் நேரடி உயரம் கிட்டத்தட்ட மைனஸ் 90 மீட்டர் என்று வரும். கருவி கெடவில்லை. அது காட்டுவது, பூமியின் வடிவமாகக் கணக்கில் கொள்ளும் கணித நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம். நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து. ஈர்ப்பு வரையும் கடல்மட்டப் பரப்பு இந்தப் பக்கம் கோளத்துக்குக் கீழே பள்ளமாக இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் அந்தப் பள்ளம் 100 மீட்டரையும் தாண்டும். கருவி மைனஸ் 88 காட்டி, அவ்விடத்துப் பள்ளம் மைனஸ் 92 என்றால், கழித்து நாலு மீட்டர் என்று எழுதவேண்டும். கூட்டிவிட்டால் மைனஸ் 180 வந்து தவறு உடனே தெரிந்துவிடும். தெரியாமல் ஏமாற்றுவது இன்னொரு தவறு: உயர வித்தியாசம் மட்டும் போதும் என்று நினைத்துத் திருத்தமே செய்யாமல் விடுவது. அந்தப் பரப்பு கிலோமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சாய்ந்தாலே, முப்பது கிலோமீட்டர்க் கால்வாயில் அறுபது சென்டிமீட்டர் பிசகும். தண்ணீர் ஓடுவது ஈர்ப்பின் சொல்கேட்டு. கணிதக் கோளம் அதற்குத் தெரியாது. ஆகவே களக்குறிப்பில் ஒவ்வொரு உயரத்துக்கும் பக்கத்தில், அது எந்தப் பரப்பிலிருந்து, எந்தக் கடல்மட்டப் பரப்பு மாதிரியைக் கொண்டு திருத்தியது என்று எழுதிவையுங்கள். திருத்தாத மூல எண்ணையும் அழிக்காமல் அதே வரிசையில் வைத்திருங்கள்.

நன்றி. வணக்கம்.