ஆக்சிலேட்டர் மிதிச்சா ஸ்பீக்கர் பாடுதா? ஸ்டீரியோ செட்ட மாத்தாதீங்க, போல்ட்ட பாருங்க!

[திரையில்: ஐடிலில் நிற்கும் பழைய கார். ஸ்பீக்கரில் "கீஈஈ".]

கேட்டீங்களா? பாட்டு ஓடல, எஃப்எம் ஓடல, வால்யூம் சைபர். ஆனாலும் கீச்சுது. ஆக்சிலேட்டர் கொடுத்தா சுருதி ஏறுது, விட்டா இறங்குது. கடையில காட்டினா "செட் போச்சு சார்"னு புதுசு ஒண்ண தலையில கட்டிடுவாங்க. செட் பாவம். பாடுறது ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் பெல்ட்ல சுத்தி பேட்டரிய சார்ஜ் பண்ற மெஷின்.

ஆல்டர்னேட்டர் உள்ள ஏசி கரண்ட்தான் உண்டாகுது, ஆறு டயோடு அத டிசி ஆக்குது, ஆனா முழுசா நேராக்காது, சின்னதா ஒரு நடுக்கம் மிச்சம் இருக்கும். பின்னணி அவ்ளோதான். இனிமேதான் ருசி.

12 போல், அதாவது 12 காந்த முனை இருக்கிற ஆல்டர்னேட்டர் ஒரு சுத்துக்கு 36 தடவ நடுங்கும். எஞ்சின் ஒரு சுத்து சுத்துனா ஆல்டர்னேட்டர் இரண்டரை சுத்துன்னு வைங்க. எஞ்சின் 800 ஆர்பிஎம்ல நிக்குதுன்னா ஆல்டர்னேட்டர் 2000. செகண்டுக்கு 33 சுத்து சொச்சம், பெருக்கினா 1200 ஹெர்ட்ஸ். அதுதான் அந்த "கீ". இப்ப ஆர்பிஎம்ம 1200க்கு ஏத்துங்க, 1800 ஹெர்ட்ஸ். ஒண்ணரை மடங்கு. அதாவது 800ல சட்ஜமம்னா 1200ல பஞ்சமம், 1600ல மேல் சட்ஜமம்! சுத்தமா ச-ப-ச. மார்கழியில மயிலாப்பூர் போற பஸ் காசு மிச்சம், தண்டையார்பேட்டையிலயே கச்சேரி. ஆர்பிஎம் காட்டுற டேக்கோமீட்டர் இருக்கிறவங்க செஞ்சு பாத்துட்டு கமெண்ட்ல சொல்லுங்க, லைக்கும் மறக்காதீங்க.

சரி, இந்த நடுக்கம் எல்லா கார்லயும் இருக்கு. உங்க கார்ல மட்டும் ஏன் ஸ்பீக்கருக்கு வருது? பெரும்பாலும் எர்த், அதாவது கரண்ட் கார் பாடி வழியா பேட்டரி நெகட்டிவ்க்கு திரும்புற பாதை. அதுவும் நம்ம ஏரியாவுல. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்னு கடல ஒட்டி நிக்கிற வண்டிக்கு உப்புக்காத்து ராத்திரி பகல்னு பாக்காம வேலை செய்யுது. எர்த் வயர் முனையில இருக்கிற வளையம், அந்த லக்குல பச்சை களிம்பு, போல்ட்டுக்கு அடியில துரு. வெளியில பாத்தா இறுக்கமாதான் இருக்கும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. மல்டிமீட்டர ஓம்ஸ்ல வெச்சா "சைபர்தான் காட்டுது, எர்த் ஓகே"ம்பாங்க. 0.05 ஓம் எல்லாம் சாதா மீட்டருக்கு தெரியாது. ஆனா அதுல 10 ஆம்பியர் போனா அரை வோல்ட் விழும். அதனால ஓம்ஸ் வேணாம், வோல்ட்ல பாருங்க. எஞ்சின் ஓடணும், ஹெட்லைட் எரியணும், செட் நல்லா சத்தமா பாடணும். டிசி வோல்ட்ல கறுப்பு முள் பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு முள் செட்டோட பாடியில. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. 0.3, 0.4னு வந்தா திருடன் மாட்டிக்கிட்டான். ஃபேன் பெல்ட் பக்கம் கை, துப்பட்டா, வயர் எதுவும் வேணாம்.

வைத்தியம்? பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க. செட்டோட எர்த் வயர் சேர்ற போல்ட்ட எடுத்து, கார் பாடியில பெயின்ட் போய் வெள்ளிக் கலர் இரும்பு தெரியிற வரைக்கும் உப்புத்தாள் போடுங்க. உப்ப எடுக்க உப்புத்தாள், பேரே பொருத்தம். லக்கையும் தேய்ங்க, ஸ்டார் வாஷர் வெச்சு முறுக்குங்க, அதுக்கு மேல வாசலின் பூசுங்க. மொதல்ல பூசிட்டு முறுக்காதீங்க. அப்படியே பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து பாடிக்கு, எஞ்சின்லேர்ந்து பாடிக்கு போற தடி வயரையும் பாத்துடுங்க.

எர்த் நல்லா இருந்தும் கீச்சுதா? மீட்டர ஏசி வோல்ட்ல போட்டு ஓடுற எஞ்சின்ல பேட்டரி மேல வைங்க. 0.1க்குள்ள சரி, 0.5 தாண்டினா டயோடு போயிருக்கு. ஆல்டர்னேட்டர் எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க.

தனி ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர் இருக்கா? ஆம்ப்ப ஆஃப் பண்ணிட்டு, செட்டுலேர்ந்து ஆம்ப்புக்கு பாட்டு கொண்டு போற ஆர்சிஏ வயர உருவி, மறுபடி ஆன் பண்ணுங்க. சத்தம் நிக்கலன்னா ஆம்ப்போட எர்த் இல்ல பவர். நின்னுட்டா வயரோ செட்டோ. செட் ஆன்ல இருக்கும்போது ஆர்சிஏ சொருகி சொருகி எடுத்தா சில செட்ல உள்ள இருக்கிற குட்டி ஃபியூஸ் ஆர்சிஏ எர்த்துல போயிடும். செக் பண்ண, ஆர்சிஏ வெளி வளையத்துலேர்ந்து செட் பாடிக்கு ஒரு துண்டு வயர் தொட வைங்க. கீச்சு நின்னா அதான் கேஸ். பேட்டரி வயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமா ஓடுதுன்னா ஒண்ண வலப்பக்கம், ஒண்ண இடப்பக்கம் மாத்துங்க.

டக் டக் டக்னு ஆர்பிஎம்மோட சேந்து வருதா? இக்னிஷன். பிளக் நம்பர்ல "ஆர்" எழுத்து இருக்கணும், பிபிஆர்6இஎஸ் மாதிரி. அது இரைச்சல அடக்குற ரெசிஸ்டர் பிளக். டீசல் வண்டிக்காரங்க இத தாண்டிடுங்க, உங்க எஞ்சின்ல பொறி விடுற பிளக்கே கிடையாது.

எஃப்எம்ல மட்டும் இரைச்சல்னா மொதல்ல லைட்டர் சாக்கெட்ல இருக்கிற மலிவு சார்ஜர உருவுங்க. சிரிக்காதீங்க, 101.4ல வர்ற "ஸ்ஸ்ஸ்" பாதி பேருக்கு அதோட போயிடும். அப்புறம் வெளியில வாங்கி மாட்டுன எல்இடி ஹெட்லைட். ரெண்டும் இல்லன்னா ஆன்டெனா அடி. கூரையில துரு பிடிச்சிருந்தா எர்த் கிடைக்காது. செட்டுலேர்ந்து பிளக்க உருவி, நடு முள்ளுக்கும் வெளி ஓட்டுக்கும் ஓம்ஸ் வைங்க, சாதா ஆன்டெனாவுல ரெண்டுக்கும் தொடர்பே இருக்கக்கூடாது. வெளி ஓட்டுக்கும் பாடிக்கும் சைபர் காட்டணும்.

ஒரே ஒரு கதவு ஸ்பீக்கர் கரகரன்னா கீல் பக்கம் ரப்பருக்குள்ள வயர் அறுந்திருக்கும்.

எர்த் வழியா வர்ற இரைச்சல தடுக்க ஆர்சிஏ நடுவுல மாட்டுற கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கலாமான்னு கேப்பீங்க. வேலை செய்யும். ஆனா மலிவானது பேஸ தின்னுடும். கானா கேக்குற ஊர்ல பேஸ் இல்லாம என்ன பண்றது?

கமெண்ட்ல கேக்குறவங்க மூணு விஷயம் எழுதுங்க: எஞ்சின் ஆஃப்லயும் சத்தம் வருதா, வால்யூம் சைபர்லயும் வருதா, எஃப்எம்ல மட்டுமா. வெறும் "அண்ணா சத்தம் வருது"ன்னா, எனக்கும் தான் வருது, பக்கத்துல கன்டெய்னர் லாரி போகுது.