நடுவில் நிறுத்தப்படுபவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அரிசி ஆலை, பட்டுத் தறிக்கூடம், பாத்திரப் பட்டறை, கூட்டுறவுச் சங்கம் என்று பல இடங்களில் பொறுப்பு வகிப்பவர்கள் இங்கே கூடியிருக்கிறீர்கள். ஒருவர் வேலையிடத்தில் கோபத்தை எப்படிக் காட்டுகிறார், கெட்ட செய்தியை யாரிடம் முதலில் சொல்கிறார், மனம் கசந்தால் யாரோடு பேச்சை நிறுத்துகிறார் என்பவற்றையெல்லாம் அவர் பெரும்பாலும் பதவிக்கு வருவதற்கு நெடுங்காலம் முன்பே, தம் வீட்டுக் கூடத்தில் கற்றுவிடுகிறார் என்பதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் அப்பாவும் தலையெடுத்த மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு. "மேட்டூர் திறந்தாலும் இந்தத் தடவை குறுவை வேண்டாம், சம்பா மட்டும் போதும்னு உன் பிள்ளைகிட்ட சொல்லி வை" என்று அப்பா கூடத்திலிருந்து சொல்வார்; அந்தப் பிள்ளை அப்போது திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பான். அம்மா வாசலுக்கு வந்து, அதையே இன்னும் கொஞ்சம் பதமாக்கிச் சொல்வார். மகனுடைய பதிலும் அதே வழியில் உள்ளே திரும்பும். இதில் அன்பு இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். மரியாதை கெடாமல், குரல் உயராமல் எத்தனையோ குடும்பங்கள் ஓடியதற்கு இப்படி நடுவில் நின்ற பெண்களே காரணம். ஆனால் இரண்டு பேருடைய கோபமும் அவர்கள் மனத்திலும் உடம்பிலும் போய்த் தங்கியது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இந்த அமைப்பை முக்கோணம் என்று பெயரிட்டு ஆராய்ந்தவர் மர்ரே போவன் (1913–1990) என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1954 முதல் 1959 வரை அமெரிக்க தேசிய மனநலக் கழகத்தில் பணியாற்றியபோது, மனச்சிதைவுக்கு ஆளானவர்களோடு அவர்களுடைய குடும்பத்தாரையும் மருத்துவமனையிலேயே தங்கவைத்து அவர்களுடைய அன்றாட நடமாட்டத்தை அவர் கவனித்தார். இருவருக்கிடையே அமைதி நிலவும்வரை உறவு அவர்களோடு நிற்கிறது; பதற்றம் கூடியதும் மூன்றாமவர் ஒருவர் உள்ளே இழுக்கப்படுகிறார்; அவரிடம் கொட்டித் தீர்த்ததும் மனம் சற்று ஆறிவிடுவதால், சிக்கல் தீராமலேயே அந்த ஏற்பாடு நிலைத்துவிடுகிறது. இத்தகைய வழக்கங்கள் தலைமுறை தாண்டிச் செல்கின்றன என்பதும், குடும்பத்தோடு பேச்சை அறுத்துக்கொண்டு தொலைவில் போய் வாழ்பவரும் அவற்றிலிருந்து விடுபட்டவர் ஆகமாட்டார் என்பதும் அவருடைய கோட்பாட்டின் முக்கியமான பகுதிகள். அவரிடம் பயின்ற எட்வின் ஃபிரீட்மன் என்ற யூத மதகுரு, 1985-இல் வெளியிட்ட நூலில் இதை வழிபாட்டுச் சபைகளின் தலைமைக்கும் விரித்துக் காட்டினார். இது உற்றுநோக்கலில் பிறந்த ஒரு பார்வை. எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதி என்று யாரேனும் பயிற்சி வகுப்பில் சொன்னால் நம்பாதீர்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் ஓர் அரிசி ஆலையை எனக்கு நெருக்கமாகத் தெரியும். தந்தை இருந்தவரை பிள்ளைகள் அவரோடு பேசியதெல்லாம் தாயார் வழியாக. அவர் காலமான பின் சகோதரர்கள் இருவரும் பேசிக்கொண்டது கணக்குப்பிள்ளை வழியாக. புழுங்கலுக்கு ஊறவைத்த நெல் நேரம் கடந்து தொட்டியில் கிடந்தால் வாடை ஏறிவிடும் என்பது இங்குள்ள பலருக்குத் தெரியும். ஒருநாள் கொதிகலன் மக்கர் செய்யவே, சரிபார்க்கும்வரை தொட்டியை நிரப்ப வேண்டாம் என்று தம்பி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். அந்தக் கொதிகலனை வாங்கியது அண்ணனுடைய முடிவு என்பதால், அதை எந்த நேரத்தில், எப்படி அவர் காதில் போடுவது என்று கணக்குப்பிள்ளை தயங்கிக்கொண்டிருந்தார். அதற்குள் அண்ணனின் உத்தரவுப்படி தொட்டி நிரம்பிவிட்டது. மறுநாள் நெல் நாறியது. பழி கணக்குப்பிள்ளை தலையில் விழுந்தது. அவர் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர் கணினி படித்த இளைஞர். அந்த அறுவடை முடிவதற்குள் அவரும் இரண்டு முதலாளிகளின் முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டார். ஆளை மாற்றுவதுதான் பல நிறுவனங்கள் முதலில் செய்யும் வைத்தியம். அது பலிக்காமல் போவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மூத்த பிள்ளையாக வளர்ந்தவர்கள் தலைமைக்கு வரும்போது எல்லாப் பாரத்தையும் தாமே தூக்கிக்கொள்வதும், சுற்றியிருப்பவர்கள் கைகட்டி நிற்கப் பழகுவதும், பிறகு "ஒருத்தனுக்கும் பொறுப்பில்லை" என்று அவரே மனம் வெதும்புவதும் இதே வகைதான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று தொழிலாளியிடம் சொல்லப்படும் வார்த்தைக்கு இந்த மண்ணில் ஒரு வரலாறு உண்டு. மிராசுதாருக்கும் பண்ணையாளுக்கும் இருந்த உறவும் பரம்பரை உறவு என்றே பேசப்பட்டது. ஆனால் பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றுவதைத் தடுக்க 1952-இல் தஞ்சை மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் தேவைப்பட்டது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் பின்னணியில் இருந்தது கூலி உயர்வுக்கான போராட்டம். ஆகவே நியாயமான கூலி கேட்பவரின் குடும்பக் கதையை ஆராய்வது அநியாயம். அங்கே ஆராய வேண்டியது முதலாளியின் வீட்டு வழக்கத்தையே. தன்னைவிட முப்பது வயது மூத்த சுமைதூக்கும் தொழிலாளியை ஓர் இளம் முதலாளி "வாடா" என்று அழைக்கிறார் என்றால், அந்த அழைப்பை அவர் தம் தாத்தாவின் வாயிலிருந்து எடுத்திருக்கிறார். இந்தப் பரம்பரைச் சொத்தைத்தான் முதலில் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

போவன் கேட்பது குடும்பத்தை உதறிவிடுவதை அன்று. உறவில் இருந்துகொண்டே, தம் கருத்தைத் தாமே, சம்பந்தப்பட்டவரிடமே, பதற்றமின்றிச் சொல்லும் திறனை அவர் முதிர்ச்சியாகக் கருதினார். கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்த நமக்கு இது அந்நியமான யோசனை என்று எனக்குத் தோன்றவில்லை; கடினமானது, அவ்வளவே. மூன்று தலைமுறையை ஒரு தாளில் வரைந்து, கோபம் வந்தால் யார் சாப்பிடாமல் படுத்தார்கள், யாருக்காக யார் தூது போனார்கள், பாகப்பிரிவினைக்குப் பின் யார் யாருடைய வீட்டு விசேஷத்துக்குப் போகவில்லை என்று எழுதிப் பாருங்கள். அலுவலகத்தில் உங்கள் நாற்காலி அந்தத் தாளில் எங்கே இருக்கிறது என்பது தெரியத் தொடங்கும்.

அந்த ஆலையின் அண்ணன் அப்படி எழுதிப் பார்த்தவர். பிறகு ஒருநாள், தம்பியின் சார்பில் ஏதோ சொல்ல வந்த இளைஞரிடம், "இதைத் தம்பியே எங்கிட்ட சொல்லட்டும், நீங்க சுமக்க வேண்டாம்" என்றார். உடனே நிலைமை மோசமாயிற்று. அண்ணனுக்குத் தன்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று தம்பி தாயாரிடம் முறையிட்டார். தாயார் தொலைபேசியில் அழுதார். அந்த இளைஞருக்கும் தம் முக்கியத்துவம் குறைந்துவிட்டதாக வருத்தம். ஒருவர் தம் இடத்தை விட்டு நகர்ந்தால் மற்றவர்கள் பழைய இடத்துக்கே அவரை இழுப்பார்கள் என்று போவன் எச்சரித்திருந்தார். அப்போது கோபித்துக்கொண்டாலும் பேச்சை நிறுத்தினாலும் செய்ததெல்லாம் வீண். அண்ணன் இரண்டையும் செய்யவில்லை. "அம்மா, அதை நான் அவன்கிட்டயே பேசிக்கிறேன். உன் முழங்கால் வலிக்கு அந்தத் தைலம் கேட்டுதா?" என்று கேட்டார். தம்பியிடம் மறுநாள் காலை தொட்டியருகே நின்று நேரில் பேசினார். கொதிகலனை மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்பதில் அவர்களுக்கு இன்னும் கருத்து ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த வாக்குவாதம் இப்போது அவர்கள் இருவருக்குள் நடக்கிறது. அந்த இளைஞர் தம் கணக்கு வேலையைப் பார்க்கிறார்.