உங்கள் மீட்புப் பென்டிரைவ் உண்மையிலேயே பூட் ஆகுமா?

[திரையில்: கறுப்புத் திரை, மூலையில் கண் சிமிட்டும் ஒரு வெள்ளைக் கோடு]

என் மடிக்கணினி படுத்துவிட்ட இரவில் நான் பார்த்தது இதைத்தான். பதறவில்லை. ‘மீட்பு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பென்டிரைவ் ஒன்று இழுப்பறையில் தயாராக இருந்தது. செருகினேன். மறுபடியும் அதே கறுப்பு, அதே கோடு! அதில் நான் செய்திருந்த வேலை, ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது ஒரு முழு வட்டையே அடைத்து வைத்த ஒற்றைக் கோப்பை, இழுத்துப் போட்டது மட்டும்தான்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது மதர்போர்டில் இருக்கும் அடிப்படை மென்பொருள் (பழையதென்றால் பயாஸ், புதியதென்றால் யுஇஎஃப்ஐ), எந்த வட்டிலிருந்து கிளம்பலாம் என்று தேடுவது அதன் வேலை.

இனி எனக்குப் பிடித்த இடம். பழைய பயாஸ், வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைக்கும். அதில் 446 பைட் தொடக்க நிரல், வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் 64 பைட் பகிர்வு அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. 446 பைட் எவ்வளவு தெரியுமா? எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழில் எழுதினால், இரண்டு மூன்று வாக்கியத்திலேயே இடம் தீர்ந்துவிடும். அந்த இத்தனூண்டு நிரல்தான் மலைபோன்ற இயங்குதளத்தை எழுப்பக் கிளம்புகிறது!

[திரையில்: 01010101 10101010]

முத்திரையைப் பாருங்கள். விகடகவி! முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. நடுவில் இரண்டு ஒன்றுகள் தோளோடு தோள் நிற்கின்றன. இதை வைத்தவருக்கு ரசனை இருந்திருக்கிறது என்பது என் கட்சி.

சாதாரணப் பென்டிரைவிலும் இந்த முத்திரை இருக்கலாம். இயங்குதளத்தை எழுப்பும் நிரல் இருக்காது. யுஇஎஃப்ஐயோ, பென்டிரைவில் ‘பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ’ போன்றதொரு கோப்பைத் தேடும். அது ஐஎஸ்ஓவுக்குள் இருக்கிறதே என்றால், பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் சாவிதான் அது.

ஐஎஸ்ஓவிலிருந்து பூட் ஆகும் பென்டிரைவைத் தயாரிக்கத் தனி மென்பொருள்கள் உண்டு. ஒரே ஐஎஸ்ஓ போதுமென்றால் ரூஃபஸ். என் தேர்வு வென்டாய். பென்டிரைவில் இருப்பதை முதலில் வேறிடத்துக்கு மாற்றுங்கள்; வென்டாயை நிறுவும்போது எல்லாம் அழிந்துவிடும். பிறகு ஐஎஸ்ஓக்களை இழுத்துப் போட்டால் போதும், பட்டியலாக வரும். ஆம், நான் அன்று செய்த அதே தவறு இங்கே சரியான வழி! என்னுடையதில் படுத்த கணினியைச் சரிசெய்ய சிஸ்டம்ரெஸ்க்யூ, வட்டை நகலெடுக்க குளோன்சில்லா, ராமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+, ஒரு விண்டோஸ் ஐஎஸ்ஓ.

கணினி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அதிலிருந்து கிளப்பிப் பாருங்கள். எஃப்12, எஃப்2, எஸ்கேப்... உங்கள் கணினிக்கு எந்த விசை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பயன்படுத்துகிறீர்களா? அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள். நான் அதைப் படமெடுத்துப் பத்திரமாக வைத்திருந்தேன், படுத்துவிட்ட அதே மடிக்கணினியில். சிரித்தது போதும், உங்களுடையது எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். அந்த இடத்தை மட்டும் கருத்துப் பகுதியில் எழுதிவிடாதீர்கள்.